ஆறு மணிப் பேப்பர்

விரலம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவளைப் பற்றிப் பேச்செடுக்கிற எல்லாரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 'ஐயோ பாவம்' என்று ஒரு உச்சுக்கொட்டல், அதோடு சரி. அவளுக்கு நாற்பத்தாறு வயது, மழை வருமுன்னே இடது முழங்கால் வலிக்கும், காப்பிக்குச் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும், அளவு தப்பித் தைத்த ஒரு சட்டைக்காகத் தெருமுனைத் தையற்காரியோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

அவள் வேலை பார்ப்பது பிரெய்ல் அச்சகத்தில். பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற புள்ளிப் புத்தகங்கள் அடிக்கிற இடம். அங்கே ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. ஒன்றில் பார்வையுள்ள ஒருத்தர் உட்கார்ந்து, கடையில் விற்கிற சாதாரணப் புத்தகத்தை உரக்கப் படிப்பார். இன்னொன்றில் விரலம்மா. புதிதாக அடித்த புள்ளித் தாளின் மேல் அவள் விரல் ஓடும். படிக்கிறவர் ஒன்றையும் விடக்கூடாது. 'மழை பெய்தது முற்றுப்புள்ளி அவள் கமா குடையை மறந்துவிட்டு கமா ஓடினாள் முற்றுப்புள்ளி' என்று அத்தனையையும் வாயால் சொல்லியாக வேண்டும். நாக்கும் விரலும் ஜோடியாகப் போகும். எங்கே இரண்டும் பிரிகிறதோ அங்கே பிழை. அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. விரலம்மா என்ற பெயரும் இப்படி வந்ததுதான்.

அவளும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. குரலை வைத்து ஆளுக்கொரு பெயர் சூட்டிவிட்டாள். மேலாளர் பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை இருமுவார், அவர் இருமல் சார். போன மாதம் வாசிக்க வந்து சேர்ந்த பெண்ணுக்கு எலிக்குஞ்சுக் குரல், அவள் கீச்சு. கீச்சு முதல் நாள் உம்மென்று இருந்தாள். ஒரே வாரத்தில் அவளே ஃபோனை எடுத்து 'கீச்சு பேசறேன்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இத்தனை வருடத்தில் விரலம்மாவின் விரலுக்கடியில் போகாத கதையில்லை. அதனாலேயே கதை எழுதுகிறவர்கள் மேல் அவளுக்குத் தீராத கோபம். "இவங்க கதையில கண்ணு தெரியாதவங்களுக்கு நாலே வேலைதான்," என்பாள், அச்சகத்திலும் வீட்டிலும். "பாடணும். இல்லாட்டி நடக்கப்போறதை முன்னாடியே சொல்லணும். இல்லாட்டி ஊருக்கெல்லாம் நல்லவங்களா இருந்து செத்துத் தொலையணும். எதுவும் ஒத்துவரலைன்னா கடைசி அத்தியாயத்துல கண்ணு வந்துடணும். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு, அதைத் துடைச்சுக்கிட்டே புருஷனைத் திட்டற ஒருத்தியை எவனாவது எழுதியிருக்கானா?"

"நீங்களே எழுதுங்களேன்," என்பார் இருமல் சார்.

"ஆமா, எனக்கு வேற வேலை வெட்டி இல்லை பாருங்க," என்பாள். அவளுக்குப் பாடவும் வராது. அவள் பாட ஆரம்பித்தால் வேன் மாமா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.

வேன் மாமா அவள் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், பெயர் பிள்ளைகள் வைத்தது. காலையில் பதினான்கு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்குவார். சாயங்காலம் திரும்ப வீடு வீடாகச் சேர்ப்பார். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பதினான்கு பேருடைய சளி, விழுந்த பல், பரீட்சையில் கோட்டை விட்டது எல்லாம் அன்றாடம் அவர் வாய் வழியாக வீட்டுக்கு வந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் அச்சகத்துக்குக் காகிதக் கட்டு கொண்டுவருகிற லாரியை ஓட்டினார். ஒரு நாள் கட்டுகளை நடக்கிற வழியிலேயே அடுக்கிவிட்டுப் போக, விரலம்மா அதில் தடுக்கி விழுந்து, எழுந்து, வாசல் வரை துரத்திக்கொண்டு போய்க் கிழிகிழியென்று கிழித்துவிட்டாள். மறுநாள் வந்து மன்னிப்புக் கேட்டார். அதற்கு மறுநாளும் வந்தார், அன்றைக்கு இறக்குவதற்குக் காகிதமே இல்லை. பத்தொன்பது வருடமாகிறது.

தெருவில் அவருக்குத் தியாகி என்று பெயர். 'கண்ணு தெரியாதவளைக் கட்டிக்கிட்டு எப்படித் தாங்கறார் பாரு' என்று அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார்கள். கண் தெரியாவிட்டால் காதும் கேட்காது என்று ஒரு நினைப்பு. அவருக்குச் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, சர்க்கரை வியாதி மாத்திரையை நேரம் தவறாமல் கையில் திணிப்பது யார் என்று அந்தப் புண்ணியவதிகளுக்குத் தெரியுமா? அவருக்கும் தியாகிப் பட்டம் உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. போகிறது என்று அவள் விட்டிருந்தாள்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம். எந்தப் பொருளும் இடம் மாறக்கூடாது. உப்பு டப்பா அடுப்புக்கு இடது ஓரம், கத்தரிக்கோல் இரண்டாவது இழுப்பறை. வாசற்கதவை ஒட்டிய சுவரில் இரண்டு ஆணி. முதல் ஆணி வேன் சாவிக்கு. இரண்டாம் ஆணி குடைக்கு. கதவென்றால் முழுக்கத் திறந்திருக்கும், இல்லையென்றால் முழுக்கச் சாத்தியிருக்கும். பாதி திறந்த கதவு என்பதே அந்த வீட்டில் கிடையாது. அந்தச் சட்டத்தை அவர் ஒரு நாளும் மீறியதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பேப்பர். அவர் படிப்பார், அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். படிப்பா அது? வரி முடிகிற இடத்தில் நிற்பார். அடுத்த வரியைத் தேடுவார். தேடிப் பிடித்த வரியைப் பாதி படித்துவிட்டு, 'அட, இது படிச்ச வரியாச்சே' என்று மறுபடி தேடுவார். ரேடியோவிலும் செய்தி வருகிறது, ஃபோனும் படித்துக் காட்டுகிறது. ஆனால் ரேடியோவோடு சண்டை போட முடியுமா? காணாமல் போன நாய், வீடு வாடகைக்கு, மணமகள் தேவை என்று கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் அவர் விடமாட்டார். 'இவன் போட்டிருக்கிற நிபந்தனைக்கு இவனுக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் ஆகாது' என்று நடுவில் ஒரு தீர்ப்பு வேறு. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவள் அச்சகத்திலிருந்து வேகவேகமாக வருவாள்.

மூன்று மாதமாக அந்தப் படிப்பு மாறியிருந்தது. ஒரு தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"பரவாயில்லையே, பத்தொம்பது வருஷம் கழிச்சுத் தேறிட்டீங்க," என்றாள் ஒரு நாள்.

"பின்னே? உன் வாத்தியார்த்தனத்துக்குப் பயந்துதான்," என்று அவர் சிரித்தார். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அச்சகத்துக்கு அந்த நாவல் வந்தது. நாயகிக்குக் கண் தெரியாது, பாடகி, வேறென்ன. விரலம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகம் வந்தாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் தடவிவிடுவாள். கண் வந்துவிடுகிறதா இல்லையா என்று தெரிந்துகொண்டுதான் முதல் அத்தியாயத்துக்கே போவாள். இதில் வந்துவிடுகிறது. கண்ணில் போட்ட கட்டை அவிழ்க்கிறார்கள், சூரியன் உதிக்கிறது, முதலில் காதலன் முகம் தெரிகிறது, இரண்டு பேரும் அழுகிறார்கள். 'நல்லா இருங்க' என்று சொல்லிவிட்டு அவள் வேலையை ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள், பன்னிரண்டாம் அத்தியாயம். காதலனின் சித்தி அவனோடு சண்டை போடுகிற இடம். கீச்சு படித்துக்கொண்டே வந்தாள். "சித்திக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை முற்றுப்புள்ளி."

"நில்லு," என்றாள் விரலம்மா. பிறகுதான் விரலை அடுத்த வரிக்கு ஓட்டினாள். "ஒரு வரியை முழுங்கிட்ட."

"இல்லையேம்மா…"

"என் விரலுக்கடியில ஒரு கிணறு இருக்கு. உன் வாயில கிணறே வரலை."

கீச்சு புத்தகத்தை மேஜையில் வைத்தாள். "அதைப் போய் உங்க முன்னாடி எப்படிம்மா படிக்கிறது? எனக்கு மனசு வரலை."

"உனக்கு மனசு வரலைன்னா நான் எப்படிப் பிழை பார்க்கிறது? புத்தகத்துல இருக்கிறதைப் படிக்கத்தானே உட்கார்ந்திருக்க? படி."

கீச்சு படித்தாள். "ஒரு குருடியைக் கட்டிக்கொள்வதற்குக் கழுத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கலாம் ஆச்சரியக்குறி."

"இவ்வளவுதானே? என் நாத்தனார் இதைவிட ஜோரா நேர்லயே சொல்லியிருக்கா. அடுத்த வரி."

கீச்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா ஒண்ணும்மா. உங்க விரல் அந்த வரிக்கு வர்றதுக்கு முன்னாடியே நில்லுன்னீங்களே, எப்படி?"

"நீ தடுமாறலையே, அதான். படிக்கிறவங்க தடுமாறுவாங்க. ஒரு வரி முடிஞ்சா கண்ணு அடுத்த வரிக்குத் தாவணும், பக்கத்தைப் புரட்டணும், அங்கெல்லாம் மூச்சு மாறும். அந்தத் தட்டுத்தடங்கலைக் கேட்டுக் கேட்டே என் காது காய்ச்சுப் போச்சு. மனசுலேருந்து இட்டுக்கட்டிச் சொல்றவங்களுக்கு வரி ஏது, பக்கம் ஏது? வழுவழுன்னு வரும். நீ இப்ப சொன்னியே அது வழுவழுன்னு…"

ஆறு மணிப் பேப்பர் அவள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு மீதி நேரம் அவள் விரல் தாளில் இருந்தது, மனசு வீட்டில் இருந்தது. மூன்று மாதமாகக் காணாமல் போன நாய் ஒன்றுகூட வரவில்லையே? மணமகள் தேவை என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லையே? பெரிய பெரிய செய்தியாக மட்டும் வந்தது, காலையில் ரேடியோவில் சொல்கிற செய்தி. போன வாரம் தம்ளர் நிரம்பி, பால் அவர் கைமேலேயே வழிந்தது. வேன் கண்ணாடி உடைந்தது, 'எவனோ ஒழுங்கா நிறுத்தத் தெரியாதவன் இடிச்சுட்டான்' என்றார். இருட்டினால் கடைக்குப் போவதில்லை. துவைக்கப் போடுகிற சட்டைப் பையில் தினமும் மிட்டாய். பிள்ளைகள் மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்து அவள் மனசு குளிர்ந்திருந்தாள். தனித்தனியாக எடுத்தால் எதுவுமே பெரிதில்லை. சேர்த்துப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்.

'சீச்சீ, இருக்காது' என்றும் ஒரு மனசு சொன்னது. புறப்படும்போது கீச்சுவிடம் நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் நகல் எடுத்துத் தரச் சொன்னாள்.

ஆறு மணிக்கு அவர் பேப்பரை விரித்தபோது அதைக் கையில் கொடுத்தாள். "இன்னிக்குப் பேப்பர் வேணாம். கண்ணு தெரியாத ஒரு பொண்ணோட கதை, கடைசி அத்தியாயம். உங்க வாயால ஒரு தடவை கேட்கணும்."

தாள் சரசரத்தது. ஜன்னல் பக்கம் போய், திரும்ப வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"லைட்டைப் போட்டுக்கோங்களேன்."

"எதுக்கு? வெளிச்சம் இருக்கே." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவள் காலையில் எழுந்தாள். பால் வைத்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. எல்லாம் உங்களால்தான் என்று புருஷனைத் திட்டினாள். புருஷன் தூங்கிக்கொண்டிருந்தான். பிறகு அவள் வேலைக்குப் போனாள். பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்களே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தாள். அவள் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே அவள்தான் என்று புருஷனுக்குத் தெரியும். எத்தனை பேர் நடந்தாலும் தெரியும். உடனே எழுந்துபோய்க் காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைப்பான்…"

விரலம்மாவின் கத்தி பாதிக் காயில் நின்றிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் விரல் தேடாத கதையில்லை, கிடைக்காத கதை இதுதான். கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. ஒரு இடத்திலும் அவர் நிற்கவில்லை. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்து தாடை வரை வந்துவிட்டது.

"கடைசியில அவளுக்குக் கண்ணு வரலையா?" என்று கேட்டாள்.

"வரலை. எதுக்கு வரணும்? அவளுக்கு ஒண்ணும் குறைச்சலில்லையே."

"அப்படியா எழுதியிருக்கு?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்க கண்ணு எப்படியிருக்கு?"

அவ்வளவுதான், மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கண்ணுக்கு என்ன கேடு? நாள் முழுக்கப் பிள்ளைங்களோட கத்திட்டு வந்தா இங்கே விசாரணை வேற. உனக்குப் போய்ப் படிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!" தாளை மேஜையில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவள் பின்னாலேயே போகவில்லை. போனால் சண்டை வரும், சண்டையில் அவர் ஜெயித்துவிடுவார், காலையில் வேன் கிளம்பிவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் பத்தொன்பது வருடச் சட்டத்தை மீறினாள். முதல் ஆணியிலிருந்து வேன் சாவியை எடுத்தாள். குடையை எடுத்து அலமாரியில் வைத்தாள். சாவியை இரண்டாம் ஆணியில் மாட்டினாள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும். வாசற்கதவை முழுக்கத் திறந்துவிட்டாள். வெயில் அவள் கைமேல் சுள்ளென்று விழுந்தது. பிறகு சுவரோரமாக நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். 'எடுத்துடுங்க, ஏண்டி இங்கே மாட்டினேன்னு திட்டிட்டு எடுத்துட்டுப் போயிடுங்க' என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவர் வந்தார். செருப்பைப் போட்டார். கை சுவரில் பட்ட சத்தம் கேட்டது. உள்ளங்கை சுவரைத் தடவிற்று. முதல் ஆணியைத் தொட்டது, அதையே சுற்றிச் சுற்றி வந்தது. குனிந்து தரையைத் தடவினார். மறுபடி சுவர். அந்தத் தடவல் எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளே எத்தனையோ தடவை அப்படித் தடவியிருக்கிறாள்.

"ஏம்மா, சாவியை எங்கே வெச்ச?"

"பக்கத்து ஆணியில தொங்குது. ஒரு சாண் தள்ளி. பட்டப்பகல், கதவு திறந்திருக்கு, வெயில் அது மேலயே அடிக்குது." அவள் குரல் உடைந்துவிட்டது. "இப்படித்தான் மூணு மாசமா வேன் ஓட்டறீங்களா?"

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்கங்க கறை கறையா இருக்கு. எதைப் பார்க்கிறேனோ அது மேலயே வந்து நிக்குது. ரோடு எனக்கு மனப்பாடம்தானே, சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்."

"சிக்னல்? அதுவும் மனப்பாடமா?"

"பிள்ளைங்களை விட்டுச் சொல்லச் சொல்லுவேன். என்ன கலருன்னு யார் முதல்ல கத்தறாங்களோ அவங்களுக்கு மிட்டாய்."

அந்த மிட்டாய். பல் விழுந்த அந்த வாண்டு முன் சீட்டில் உட்கார்ந்து 'பச்சை மாமா, பச்சை' என்று கத்துவது அவள் காதில் கேட்டது. ஒரு நாள் அது விளையாட்டுக்கு மாற்றிச் சொல்லியிருந்தால்? ஓங்கி அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமே. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? பயமா இருந்துச்சு." அவர் அழுதுகொண்டிருந்தார். "உன்னை மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தை போதாதா? கிணற்றுச் சித்தி சொன்னதெல்லாம் அவளுக்குத் தூசு. இது சுருக்கென்று உள்ளே இறங்கியது. எழுந்துபோய்விடலாம் என்றுகூட நினைத்தாள். எழுந்தாள், ஆனால் போகவில்லை. படி வரை வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து அவளுக்கு ஒண்ணும் குறைச்சலில்லைன்னு படிச்சீங்களே, அது பொய்யா?"

"இல்லைம்மா. அது நிஜம்."

"அப்ப இது?"

"இதுவும் நிஜம். நான் என்ன பண்ணட்டும்?" என்று தேம்பினார். "உன்னை நான் தாங்கறேன்னு ஊரே சொல்லுது. இனிமே நான் யாரு?"

"தாங்கினீங்க, மண்ணாங்கட்டி. அந்தப் பட்டம் போனா போகட்டும், நீங்க என் புருஷன். முதல்ல பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் பண்ணுங்க. பிள்ளைங்க வாசல்ல நிக்கும், வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க."

"காய்ச்சல்னு சொல்லட்டுமா?"

"கண்ணு தெரியலைன்னு சொல்லுங்க. சொன்னா வாய் வெந்துடாது. நான் நாப்பத்தாறு வருஷமா சொல்றேன்."

அவர் ஃபோன் செய்தார். 'எனக்கு… கண்ணு… கொஞ்ச நாளா…' என்று நிறுத்தி, திரும்பத் தொடங்கி, பாதியில் இருமி, ஒரு வழியாகச் சொல்லி முடித்தார். பத்தொன்பது வருடமாக அவள் கேட்ட அதே தடுமாற்றம். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைத் திரும்பக் கேட்டாள். அன்றே இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாவியை ஒப்படைத்தார்கள். வழக்கம்போல அவள் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். படி வந்த இடத்தில் மட்டும், முன்பு வந்தபோது எண்ணிவைத்த நினைவில், 'மூணு படி' என்று அவள் சொன்னாள்.

டாக்டர் விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார், சர்க்கரை செய்த வேலை. போனது போனதுதான், திரும்ப வராது. ஊசி போட்டு இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம், வண்டி ஓட்டுவதை மறந்துவிடுங்கள். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, பார்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது?

தெரு இரண்டு பேருக்கும் சேர்த்து உச்சுக்கொட்டியது. "இனிமே உச்சுல பாதி உங்களுக்கு," என்று அவள் கேலி செய்து பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாப் பொழுதும் எப்படியோ கழிந்தது, ஆறு மணிதான் தொண்டையில் சிக்கியது. சரியாக ஆறுக்கு எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவள் தனியாக உட்கார்ந்து காய் நறுக்குவாள். ரேடியோ வைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. கண் போனால் போகிறது, இந்த மனுஷன் இந்த நாற்காலிக்குத் திரும்பி வரமாட்டாரா என்பதுதான் அவள் ஏக்கமெல்லாம்.

ஒரு மாதம் கழித்து அந்த நாவல் புள்ளிப் புத்தகமாகக் கட்டி முடிந்தது. விரலம்மா இருமல் சாரிடம் கேட்டு ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆறு அடித்ததும் அவர் எழுந்தார்.

"உட்காருங்க," என்றாள். "பத்தொம்பது வருஷம் நான் கேட்டேன். இன்னிக்கு நீங்க கேளுங்க."

நாற்காலி முனகியது. உட்கார்ந்துவிட்டார். அவள் புத்தகத்தை மடியில் விரித்துக் கடைசி அத்தியாயத்தைத் தொட்டாள். விரல் தாளின் மேல் சரக் சரக்கென்று ஓடியது. மருத்துவர் வந்தார். கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. எதிரே மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. 'அவள் மெல்ல இமைகளைத் திறந்தாள்' என்ற வரியை விரல் தொட்டது, தொட்டதும் நின்றுவிட்டது. கண் வந்துவிட்டது என்று இவர் முன்னால் எப்படிப் படிப்பது? அவளுக்கு மனசு வரவில்லை. கீச்சுவைப் பிடித்து உலுக்கியவள்தான், ஒரு வரியை விழுங்கினாள்.

"அவள் காலையில் எழுந்தாள்," என்று வாய் தானாகச் சொன்னது. "பால் வைத்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. எல்லாம் உங்களால்தான் என்று…"

"ஏம்மா," என்றார் அவர்.

"ம்?"

"விரல் ஓடற சத்தம் நின்னுடுச்சே. நீ எதைப் படிக்கிற?"

"அன்னிக்கு நீங்க படிச்சதைத்தான்," என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்து, அவள் முழங்காலில் முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டுக்கொண்டார்.

"செருப்புச் சத்தம் வர்ற இடத்தை முழுங்கிடாதே," என்றார். "படி."